44 புள்ளி எடுத்த மகனுக்கு என்.எச்.எல். ஹொக்கி கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் கனடாவின் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். மூத்த மகன் 2010 பெப்ரவரியில் பிறந்தவர். இந்த சீசனில் ஐஸ் ஹொக்கியில் யூ16 ட்ரிபிள் ஏ (அந்த வயதினரின் உச்சப் பிரிவு) அணியில் இடது விங் (முன்வரிசையின் இடப்பக்கம்) விளையாடுகிறார். 36 ஆட்டத்தில் 19 கோல், 25 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), ஆக 44 புள்ளி. அவருடைய லைனில் (ஒன்றாக இறங்கும் முன்வரிசை மூவரில்) சென்டர் ஆடும் பையன், ஒன்ராறியோவின் மேல்நிலை ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல். டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து வீரர்களைத் தெரிவுசெய்வது) முதல் சுற்றிலேயே போவான் என்கிறார்கள். மகனின் உயரம் 178 செ.மீ., எடை 79 கிலோ. 13 வயதிலேயே மீசை அரும்பிவிட்டது. கடந்த ஒரு வருடத்தில் ஒன்றரை செ.மீ.தான் வளர்ந்திருக்கிறார். என் உயரம் 170, மனைவி 160. அண்மையில் ஒரு 'குடும்ப ஆலோசகர்' எங்களைத் தேடி வந்தார். மகன் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை ஹொக்கி லீக்) போவது நிச்சயம் என்கிறார், மாதாமாதம் கட்டணம் கேட்கிறார், அடுத்த வருடம் ஒரு தனியார் ஹொக்கி அகாடமியில் சேர்க்கச் சொல்கிறார். வீட்டுக் கடனைக் கூட்டினால்தான் அது முடியும். இளையவருக்கு 11 வயது, ஒக்டோபர் கடைசியில் பிறந்தவர். ட்ரிபிள் ஏ தெரிவில் எடுபடாமல் ஒரு படி கீழே டபுள் ஏ ஆடுகிறார். இருக்கிற காசை மூத்தவருக்கே செலவழிப்பதுதான் சரியா? ஆட்டத் தாள்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

15 வயதுப் பிள்ளையைப் பற்றி 'நிச்சயம்' என்று சொல்லி மாதக் கட்டணம் கேட்பவருக்கு ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம். வீட்டுக் கடனையும் தொட வேண்டாம். மகனுக்கு ஹொக்கியில் எதிர்காலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தாள்களைப் பார்த்தால் அவர் நல்ல யூ16 ஆட்டக்காரர் என்பது தெரிகிறது. ஆனால் யூ16-இல் நன்றாக ஆடுவது ஒன்று, 22 வயதில் சம்பளத்துக்கு ஆடுவது வேறொன்று. முதலாவதற்கு 44 புள்ளி போதுமான சான்று. இரண்டாவதற்கான சான்றை நீங்களே ரிங்கில் (ஐஸ் அரங்கில்) உட்கார்ந்து தேட வேண்டும். எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 44-ஐப் பிரிப்போம். 25 அசிஸ்டில் 12 முதல் அசிஸ்ட், 13 இரண்டாவது அசிஸ்ட். கோல் அடித்தவருக்கு நேரடியாக பக்கை (ஸ்டிக்கால் அடிக்கும் ரப்பர் வட்டை) கொடுத்தது முதலாவது. அதற்கு முந்திய பாஸ் இரண்டாவது. அதில் திறமையும் உண்டு, தற்செயலும் நிறைய உண்டு, வருடத்துக்கு வருடம் நிலைப்பதில்லை. மொத்தப் புள்ளிகளில் 18 பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் தண்டனையால் வெளியே இருக்கும்போது) வந்தவை. மீதி 26-இல் 8 இரண்டாவது அசிஸ்ட். ஆக, ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் மகன் கோலாக அடித்ததும் முதல் அசிஸ்டாகக் கொடுத்ததும் 36 ஆட்டத்தில் 18. ஆட்டத்துக்கு அரைப் புள்ளி. அடுத்து, எதிரணிகளைப் பாருங்கள். அட்டவணையில் கடைசி நான்கு இடத்தில் இருக்கும் அணிகளோடு ஆடிய 12 ஆட்டத்தில் 27 புள்ளி. மற்ற 24 ஆட்டத்திலும் சேர்த்து 17. ஸ்கவுட்கள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) எடைபோடுவது இந்த 17-ஐத்தான்.

சென்டர் விடயத்தையும் இதே முறையில் பாருங்கள். அந்தப் பையன் காயத்தாலோ தண்டனையாலோ இல்லாத ஆட்டங்கள் இருந்தால் அவற்றைத் தனியே எடுங்கள். அப்போதும் மகனின் லைன் பக்கை எதிரணியின் பகுதியில் வைத்திருந்ததா? கோல் விழாவிட்டாலும் பரவாயில்லை, வைத்திருந்ததா என்பதுதான் கேள்வி.

பிளஸ்-மைனஸ் (அவர் ஐஸில் இருக்கும்போது அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) பற்றிக் கவலைப்பட வேண்டாம். ரொறன்ரோக்காரரான கொனர் பிரவுன் 2011-12-இல் ஓ.எச்.எல்-இன் ஈரி அணியில் மைனஸ் 72-இல் முடித்தார். அந்த அணி லீக்கின் கடைசியில் கிடந்தது. 2012 கோடையில் என்.எச்.எல். டிராஃப்டில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அவரை 156-ஆவதாக எடுத்தது; பிறகு அவர் என்.எச்.எல்-இல் பல நூறு ஆட்டம் ஆடிவிட்டார். மோசமான அணியில் ஒரு பிள்ளை என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் எண்ணைத் தாண்டிப் பார்த்தார்கள். உங்கள் மகனின் நல்ல எண்களையும் அதேபோல் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி உடல் வளர்ச்சி. இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் மறைக்க முடியாது. ஆண் பிள்ளைகளின் உச்ச வளர்ச்சி சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. உங்கள் மகனுக்கு அது முந்திவிட்டது. ஆண் பிள்ளையின் உயரத்தைத் தோராயமாக ஊகிக்க, பெற்றோர் இருவரின் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுப்பார்கள். உங்கள் கணக்கில் 171.5 வருகிறது. ஏழெட்டு செ.மீ. கூடலாம், குறையலாம். மகன் அதன் மேல் எல்லைக்கு ஏற்கனவே வந்துவிட்டார், வருட வளர்ச்சியும் ஒன்றரை செ.மீ-க்கு இறங்கிவிட்டது. இனிப் பெரிதாக உயரமாட்டார் என்றே திட்டமிடுங்கள். என்.எச்.எல். வீரரின் சராசரி உயரம் ஏறத்தாழ 185 செ.மீ., எடை 90 கிலோவை ஒட்டியது. யூ14, யூ15-இல் அவரைப் பெரியவராகக் காட்டிய உடல், 18 வயதில் சராசரிக்குக் கீழே இருக்கும். 178 செ.மீ-இல் என்.எச்.எல். ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் வேகத்தாலோ, யோசிக்கும் வேகத்தாலோ, இரண்டாலுமோ பிழைப்பவர்கள். ஆகவே மகனிடம் தேட வேண்டியது அந்த இரண்டையும்தான்.

எப்படிப் பார்ப்பது? கண்ணாடிக்கு அருகே நிற்காதீர்கள். மேல் வரிசையில், ஒரு மூலைப் பக்கமாக உட்காருங்கள். பக்கைப் பார்க்கவே வேண்டாம். மகன் ஐஸில் இருக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும், நாற்பது நாற்பத்தைந்து விநாடியும், அவரை மட்டும் பாருங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். பக் அவரிடம் வரும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்: வருவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தாரா, எதிராளி ஒரு ஸ்டிக் தூரத்துக்குள் இருந்தாரா, பக் கடைசியில் நம்மிடம் இருந்ததா, அவர்களிடம் போனதா. ஐந்து ஆட்டம் எழுதுங்கள், அதில் குறைந்தது இரண்டு மேலே உள்ள அணிகளுக்கு எதிராக இருக்கட்டும். மூத்த பிள்ளையின் ஆட்டத்தைப் பெற்ற கண்ணால் பார்க்கும்போது வெற்றிகள்தான் நினைவில் நிற்கும். தாள் அப்படி மறக்காது.

எதற்காகத் தலை திருப்புவதை எழுதச் சொல்கிறேன்? ஓர் இடத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். உங்கள் அணியின் டிஃபென்ஸ்காரர் தன் வலைக்குப் பின்னால் பக்கை எடுத்து, பலகையோடு ஒட்டி மகனுக்கு அனுப்புகிறார். மகன் பலகை ஓரம், தன் வலையைப் பார்த்தபடி நிற்கிறார். பின்னால் எதிரணியின் வலது டிஃபென்ஸ் அவரை அடைக்க இறங்கி வருகிறார். பக் வந்து சேர ஒரு விநாடி, கூடினால் ஒன்றரை. மேலே போகும் பிள்ளை அந்த நேரத்துக்குள் இரண்டு தடவை பின்னால் பார்த்திருப்பார். பக் தொடுவதற்கு முன்பே இடுப்பு ஐஸின் நடுப்பக்கம் திறந்திருக்கும். ஆள் நெருங்கிவிட்டால் ஒரே தொடுதலில் சென்டருக்குத் தட்டிவிடுவார். தூரத்தில் இருந்தால் திரும்பி எடுத்துக்கொண்டு போவார். மற்றப் பிள்ளை வரும் பக்கையே பார்த்துக்கொண்டிருப்பார், அதை நிறுத்துவார், பிறகு தலையைத் தூக்குவார், அதற்குள் இடி விழுந்துவிடும். யூ16-இல் 79 கிலோப் பிள்ளை அந்த இடியைத் தாங்கிக்கொண்டு பக்கையும் காப்பாற்றிவிடுவார், பெற்றோர் கைதட்டுவார்கள். ஓ.எச்.எல்-இல் இடிப்பவருக்கு 19 வயது, 90 கிலோ. அங்கே அதே ஆட்டத்தில் பக் போய்விடும், பிள்ளையும் விழுந்து கிடப்பார். உடல் பலத்தால் மறைந்திருக்கும் குறை இதுதான். முந்தி வளர்ந்த பிள்ளைகளிடம் இதைத்தான் அதிகம் காண்கிறோம், ஏனென்றால் பின்னால் பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு அதுவரை வரவில்லை.

நெருக்கடியில் பக்கைக் காப்பாற்றும் அளவு, பலமான அணிகளுக்கு எதிராகப் பாதிக்கும் கீழே விழுந்தால், அதைச் சரிசெய்வதுதான் இந்த வருட வேலை. சரிசெய்ய முடியாத ஒன்றல்ல அது. 15 வயதில் பழக்கலாம், 19-இல் பழக்குவது கடினம். சிறிய இடத்தில் மூன்றுக்கு மூன்று ஆடவைப்பது, பாஸ் வருமுன் பயிற்றுநர் பின்னால் காட்டும் விரல்களை எண்ணிச் சொல்லவைப்பது போன்ற பயிற்சிகள் இதற்காகவே இருக்கின்றன.

ஸ்கேற்றிங்கில் நேர் ஓட்ட வேகத்தைவிட முதல் மூன்று அடிகளைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அருகில் நிற்பவர் அவரைவிட ஒரு அடி முன்னே போகிறாரா? முழங்கால் மடங்கியிருக்கிறதா, அல்லது கால் நேராக நின்று இடுப்பு மட்டும் வளைகிறதா? நடுப் பகுதியில் வேகம் சேர்க்கும்போது காலை மாற்றி மாற்றிப் போட்டு வருகிறாரா, சும்மா சறுக்கி வருகிறாரா? இடது பக்கம் திரும்பும் அளவுக்கு வலது பக்கமும் திரும்புகிறாரா? இவை எல்லாவற்றையும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பீரியடில் பாருங்கள். களைத்தபோது நுட்பம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் அவருடைய உண்மையான நுட்பம்.

கோல்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் ஒரு ரிங்க் படத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து, தூரத்திலிருந்து, கோலி (கோல் காப்பவர்) தெளிவாகப் பார்க்கக்கூடிய ஷொட்டில் வந்தவை அதிகம் என்றால், அவை மேலே செல்லாது. அங்கே கோலிகள் அவற்றைப் பிடித்துவிடுவார்கள். வலைக்கு முன்னே, ஆட்களுக்கு நடுவே, ஓடிக்கொண்டே கையை நிறுத்தாமல் அடித்தவை அதிகம் என்றால் நல்ல குறி.

கடைசியாக ஒன்று. பக் போனவுடன் மகன் பிரேக் போட்டு நின்று திரும்புகிறாரா, பெரிய வட்டமடித்துத் திரும்புகிறாரா? வட்டமடிப்பவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி பிந்துகிறார். பயிற்றுநர்கள் மூன்றாவது, நான்காவது லைனுக்கு ஆள் எடுக்கும்போது இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தொழில்முறை ஹொக்கிக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த லைன்களில் இடம் பிடித்துத்தான் போகிறார்கள். யூ16-இல் பவர் பிளே நட்சத்திரமாக இருப்பவர் மேலே போனதும் அந்த இடம் கிடைக்காது. பெனால்டி கில்லிலும் (நம் ஆள் தண்டனையில் இருக்கும்போது தடுத்து ஆடுவது) ஆடத் தெரிந்திருந்தால் அணியில் இருக்க ஒரு காரணம் இருக்கும். பயிற்றுநரிடம் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இனி வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வி. ஓ.எச்.எல்-இல் 20 அணி. டிராஃப்டில் 15 சுற்று. ஏறத்தாழ 300 பெயர் வாசிக்கப்படும். பெயர் வருவதை இடம் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 16 வயதினருக்கு ஓர் அணியில் நாலைந்து இடம் கிடைத்தால் அதிகம், அவையும் பெரும்பாலும் முதல் மூன்று சுற்றுப் பிள்ளைகளுக்கே. என்.எச்.எல். டிராஃப்டில் 32 அணி, 7 சுற்று, மொத்தம் 224 பேர். அது உலகம் முழுவதற்கும். ஓ.எச்.எல்-இலிருந்து அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 30 முதல் 50 பேர் வரை எடுக்கப்படுகிறார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களிலும் பிந்திய சுற்றுக்காரர்களில் பெரும்பாலோர் என்.எச்.எல்-இல் நிலையான இடம் பெறுவதில்லை. 'விதிவிலக்குத் தகுதி' வாங்கி 15 வயதிலேயே ஓ.எச்.எல். ஆட அனுமதிக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2005-இல் ஜோன் தவாரஸ், 2012-இல் கொனர் மெக்டேவிட் அந்த வரிசையில் வந்து என்.எச்.எல். நட்சத்திரங்களானவர்கள். 2013-இல் அதே தகுதி பெற்ற ஷோன் டே என்.எச்.எல். டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் போனார், என்.எச்.எல்-இல் அவருக்குக் கிடைத்தது ஒரு சில ஆட்டங்கள்தான். அந்தப் பிள்ளையைப் பற்றியே நிச்சயம் சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் ஆலோசகர் எதை வைத்துச் சொல்கிறார்?

என்.எச்.எல். மட்டும்தான் தொழில்முறை என்றும் இல்லை. அதற்குக் கீழே ஏ.எச்.எல்-இல் 32 அணி, அதற்குக் கீழே ஈ.சி.எச்.எல்., ஐரோப்பாவில் சுவீடன், பின்லாந்து, ஜெர்மனி, சுவிஸ் லீக்குகள், பிரித்தானியாவில் ஒன்று. ஆனால் உள்ளே போவதைப் போலவே அங்கே நிலைப்பதும் கடினம். ஒரு என்.எச்.எல். நிறுவனம் ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏ.எச்.எல். ஆட்டத்தில் இறங்கும் 18 ஸ்கேற்றர்களில் (கோலிகள் தவிர்ந்தவர்கள்) 13 பேர் 'வளரும் வீரர்' வகையில் இருக்க வேண்டும். அதில் 12 பேர் தொழில்முறையில் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடாதவர்களாகவும், ஒருவர் 320-க்கு மேல் ஆடாதவராகவும் இருக்க வேண்டும். நாலு வருடம் ஆடியும் மேலே அழைக்கப்படாத ஒருவர் 25, 26 வயதில் திடீரென்று இடம் இழப்பதற்கு இந்த விதி பெரிய காரணம். ஈ.சி.எச்.எல்-இல் வாரச் சம்பளம், சீசன் மாதங்களுக்கு மட்டும். குடும்பம் நடத்தப் போதாது. இதை அறிந்துகொண்டு ஒரு பிள்ளை இரண்டு மூன்று வருடம் அங்கே ஆடினால் அது நல்ல அனுபவம். அறியாமல் வீட்டுக் கடனை அதன்மேல் கட்டினால் பேரிழப்பு.

தாள்களில் உள்ளதை வைத்து என் கணிப்பு இது: ஓ.எச்.எல். டிராஃப்டில் நடுச் சுற்றுகளிலோ அதற்குப் பிறகோ மகனின் பெயர் வரக்கூடும். பல்கலைக்கழக ஹொக்கி கைக்கு எட்டும் தூரம். ஸ்கேற்றிங்கும் நெருக்கடி ஆட்டமும் முன்னேறினால் ஈ.சி.எச்.எல். அல்லது ஐரோப்பா சாத்தியம். என்.எச்.எல்-க்கான சான்று இதுவரை இல்லை. அவர் ஆடுவதை நான் நேரில் பார்க்கவில்லை; உங்கள் ஐந்து தாள்கள் இந்தக் கணிப்பை மாற்றலாம்.

17 வயதில் அவர் ஓ.எச்.எல்-இல் இருந்தால் இன்னொரு கணக்குப் பயன்படும். ஆட்டத்துக்கான புள்ளியைச் சுமார் 0.3-ஆல் பெருக்கினால், அதே திறமை என்.எச்.எல்-இல் என்ன கொடுக்கும் என்று தோராயமாகத் தெரியும். 68 ஆட்டத்தில் 60 புள்ளி என்றால் என்.எச்.எல்-இல் 82 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22. இதை டிராஃப்ட் வயதில், ஃபோர்வேர்ட்களுக்கு (முன்வரிசைக்காரர்களுக்கு) மட்டும் போட்டுப் பாருங்கள். 20 வயதில் ஓ.எச்.எல்-இல் நூறு புள்ளி எடுப்பவரின் எண் சிறுவர்களுக்கு எதிராக வந்தது. அதை நம்பி ஏமாந்த குடும்பங்கள் பல.

இப்போது பாதை. உங்களுக்கு இதில் நல்ல செய்தி உண்டு. ஓ.எச்.எல். ஆடினால் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) கதவு மூடிவிடும் என்று நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் அந்த விதி மாற்றப்பட்டு, 2025 ஓகஸ்ட் 1 முதல் ஓ.எச்.எல். ஆடியவர்களும் முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆடலாம். 15 வயதில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை இழக்கும் நிலை போய்விட்டது. கூடவே கெட்ட செய்தியும் உண்டு. கல்லூரிப் பயிற்றுநர்கள் இப்போது 19, 20 வயது ஓ.எச்.எல். வீரர்களை எடுக்கலாம் என்பதால், ஓ.எச்.எல்-க்குக் கீழே உள்ள ஜூனியர் ஏ லீக்குகளிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இடம் இறுகிவிட்டது. ஆலோசகர்கள் பழைய கணக்கில் பேசினால் திருத்துங்கள்.

என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ-யும் (மதிப்பெண் சராசரி) வேண்டும். அந்த 16-இல் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பில் எந்தப் பாடம் எடுக்கிறார் என்பது இந்த வருடமே முக்கியம். பள்ளி வழிகாட்டியிடம் போய், எடுக்கும் கணக்கும் அறிவியலும் என்.சி.ஏ.ஏ. ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பயணத்துக்காக லேசான பாடத்துக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து அழுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஓ.எச்.எல். அணி ஒன்று கூப்பிட்டால், ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்ற உதவித்தொகை பேசப்படும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு வரை, ஜூனியர் முடிந்து எத்தனை மாதத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும், இடையில் அணி மாற்றினால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆலோசகரிடம் கேட்க மூன்று கேள்வி. என்.எச்.எல். வீரர் சங்கத்தின் அங்கீகாரம் உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ உண்டா? 15 வயதில் நீங்கள் சேர்த்த எல்லாப் பிள்ளைகளின் பட்டியலையும், வெற்றி பெற்றவர்களை மட்டுமல்ல, காட்டுவீர்களா? அகாடமி உங்களுக்கு ஏதாவது கொடுக்கிறதா? நல்ல ஏஜென்ட் பிள்ளை தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதுதான் தன் பங்கை எடுப்பார். 15 வயதில் கட்டணம் கேட்பவருக்குப் பிள்ளை என்.எச்.எல். போனாலும் போகாவிட்டாலும் வருமானம் ஒன்றுதான்.

ஸ்கவுட் யாராவது பேச வந்தால் 'மகன் எப்படி?' என்று கேட்காதீர்கள். 'நல்ல பிள்ளை' என்றுதான் பதில் வரும். '18 வயதில் எந்த லைனில், எந்த வேலைக்கு இவரைப் பார்க்கிறீர்கள்? அடுத்த வருடம் அங்கே ஆட விடாமல் தடுப்பது எது?' என்று கேளுங்கள். மூன்று வேறு அணிக்காரர்கள் ஒரே குறையைச் சொன்னால் அதை நம்புங்கள்.

அகாடமிக் காசு இல்லாமல் என்ன செய்யலாம்? வாரம் ஒரு தடவை, நாலைந்து பேர் உள்ள சிறு குழுவில் ஸ்கேற்றிங் பயிற்சி. வாரம் இரண்டு தடவை கால், இடுப்பு, முதுகுக்கு உடற்பயிற்சி. ஆட்டங்களை மேலிருந்து வீடியோ எடுத்து, பயிற்றுநரோடு மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் பார்ப்பது. சீசன் முடிந்ததும் ஆறு முதல் எட்டு வாரம் ஐஸை விட்டு முழுதாக விலகுவது; லக்ரோஸ் ஆடட்டும், உதைபந்தாட்டம் ஆடட்டும். வருடம் முழுதும் ஸ்கேற் செய்யும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் வலி வருவதும், அது நிரந்தரக் குறையாவதும் சாதாரணமாகிவிட்டது. இடுப்பின் முன்பக்கம் வலிக்கிறது என்று மகன் சொன்னால் மறுநாளே விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வசந்தகாலப் போட்டிகள் பெரும்பாலும் அழைப்பவர்களின் வருமானத்துக்கு. ஒன்றுக்கு மேல் போக வேண்டாம்.

டிராஃப்டில் பெயர் வராவிட்டால் கதை முடிந்தது என்று அவர் நினைக்கக்கூடும். முடிவதில்லை. ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை எந்த என்.எச்.எல். அணியும் டிராஃப்ட் செய்யவில்லை. ஓ.எச்.எல்-இன் ஓவன் சவுண்ட் அணியிலிருந்து ஏ.எச்.எல். போய், நடுவில் ஒரு சீசன் மொஸ்கோவில் ஆடி, திரும்பி வந்து என்.எச்.எல்-இன் கல்கரி அணிக்குக் கப்டனானார். 2019-இல் சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நொரிஸ் விருதும் பெற்றார். ஸ்காபரோவில் பிறந்த மைக்கல் பன்ரிங் 2014-இல் நாலாம் சுற்றில் எடுக்கப்பட்டு, பல வருடம் ஏ.எச்.எல்-இல் கிடந்து, 2022-இல்தான் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதின் இறுதி மூவரில் வந்தார். அப்போது அவருக்கு 26 வயது. இந்தப் பெயர்களை மகனுக்குச் சொல்லுங்கள். கூடவே இவர்கள் அரிதானவர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இளையவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் அதிகம் உறுத்தியது. கனடாவில் ஹொக்கி வயது ஜனவரி 1-இல் பிரிகிறது. ஒக்டோபர் கடைசியில் பிறந்தவர், அதே வருடம் ஜனவரியில் பிறந்தவரோடு தெரிவுக்குப் போகிறார். 11 வயதில் பத்து மாத வித்தியாசம் உயரத்திலும் பலத்திலும் பெரிது. வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே உயர் அணிகளில் குவிகிறார்கள் என்பதை ரொஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே காட்டினார். கழிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஐஸ் நேரமும் நல்ல பயிற்றுநரும் குறைந்துபோவதால், பிறந்த மாதத்தின் வித்தியாசம் பிறகு திறமை வித்தியாசமாகவே மாறிவிடுகிறது. அதைப் பெற்றோர் தடுக்கலாம். அவர் டபுள் ஏ-யில் முதல் இரண்டு லைனில், எல்லாச் சூழ்நிலையிலும் ஆடுகிறார் என்றால் அங்கேயே இருக்கட்டும். ட்ரிபிள் ஏ-யில் நாலாவது லைனில் உட்காருவதைவிட அது எத்தனையோ மேல். மூத்தவருக்குச் சொன்ன அதே சிறு குழு ஸ்கேற்றிங் பயிற்சியில் இவரையும் சேருங்கள். உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கதவு நிலையில் குறித்து வையுங்கள். வளர்ச்சி வேகம் பிடிக்கும் வருடத்தில் கால் தடுமாறும், ஆட்டம் மங்கும். அப்போது யாராவது 'இவருக்கு வராது' என்று சொன்னால் அந்த வருடம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தெரிவுக்கு மறுபடி அனுப்புவதை யூ14, யூ15-இல் பார்த்துக்கொள்ளலாம்.